இந்தக் காலத்திலும் தலைமறைவாக இருக்க முடியுமா?

அடுத்த கேள்வி. "எங்கே பார்த்தாலும் சிசிடிவி, எல்லார் கையிலும் செல்போன், எதற்கெடுத்தாலும் ஆதார். இவ்வளவு இருந்தும் சில குற்றவாளிகள் எப்படி சார் வருஷக்கணக்கில் சிக்காமல் இருக்கிறார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இருக்க முடியும். ஆனால் எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் கிரிஷிமா சதோஷி என்று ஒருவர். 1970களில் பெரிய கம்பெனிகளில் குண்டு வைத்த ஒரு தீவிர இடதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர். 1975-லிருந்து போலீஸ் தேடியது. கண்ணாடி போட்டு, நீள முடியோடு சிரிக்கிற அவருடைய போட்டோவை நாடு முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். அவரோ டோக்கியோவுக்குத் தெற்கே ஃபுஜிசாவா என்ற ஊரில், உச்சிதா என்ற பெயரில், ஒரு கட்டுமான கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் ரொக்கமாக. மருத்துவக் காப்பீடு கிடையாது, டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. பெரிய சாமர்த்தியமெல்லாம் ஒன்றுமில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் காலத்தை ஓட்டினார், அவ்வளவுதான். 2024 ஜனவரியில் புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தான்தான் கிரிஷிமா, சாகும்போதாவது சொந்தப் பெயரோடு சாக வேண்டும் என்று அவரே சொன்னார். சில நாளில் இறந்தும் போனார். கிட்டத்தட்ட 49 வருஷம். கடைசி வரை போலீஸ் பிடிக்கவே இல்லை, கவனியுங்கள்.

இத்தாலியில் மாஃபியா தலைவர் மத்தேயோ மெஸ்ஸினா தெனாரோவுக்கும் புற்றுநோய்தான். ஆனால் அவர் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டார். 1993-லிருந்து தலைமறைவு, இருந்ததோ சொந்த ஊருக்குப் பக்கத்து ஊரிலேயே. சொந்தக்காரர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டதில் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று போலீஸுக்குத் தெரிந்தது. அரசாங்கத்தின் நோயாளிகள் பதிவுகளை வயது, நோய், ஆபரேஷன் என்று சலித்துப் பார்த்தார்கள். ஒரு பெயர் இடித்தது: அந்தப் பெயருக்குரிய நிஜ ஆள் ஆபரேஷன் நாளில் வேறு இடத்தில் இருந்திருக்கிறார். 2023 ஜனவரி 16 அன்று பலெர்மோவில் ஒரு கிளினிக்குக்கு கீமோதெரபிக்கு வந்தவரை அப்படியே பிடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஜெர்மனியின் டேனியேலா கிளெட்டே. செம்படைப் பிரிவு என்ற ஆயுதக்குழுவோடு தொடர்புள்ளவர் என்று 30 வருஷத்துக்கு மேல் தேடப்பட்டவர். பெர்லினில் வேறு பெயரில் இருந்துகொண்டு, கபோயெரா என்கிற பிரேசில் நாட்டு ஆட்டக்கலை பழகினார். அந்த ஆட்டம் பழகும் குழுவின் போட்டோக்கள் ஃபேஸ்புக்கில் இருந்தன. பழைய போட்டோவை முகம் தேடும் இணையதளத்தில் போட்டுப் பார்த்த ஒரு பத்திரிகையாளருக்கு அவை கிடைத்துவிட்டன! 2024 பிப்ரவரியில் கிளெட்டேயைக் கைது செய்த போலீஸ், தங்களுக்குக் கிடைத்த வேறொரு தகவலால்தான் பிடித்தோம் என்றது. இருக்கலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை, ஓடுகிறவர்களுக்குக் கேமராவைவிடப் பெரிய தலைவலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் கட்டட வேலைக்கு இன்னும் பல இடங்களில் கையில்தான் கூலி. அதனால் ஒளிந்திருக்க இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாடகைக்கு வீடு, சிம் கார்டு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அடையாள அட்டை கேட்கிறார்கள். 1975-ல் ஓடியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்றைக்குப் புதிதாக ஓடுகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும்.

அதற்காக எல்லாரும் சிக்கிவிடுகிறார்கள் என்றும் இல்லை. கிளெட்டேயோடு சேர்த்துத் தேடப்பட்ட இரண்டு ஆண்கள் அப்போது அகப்படவில்லை. அதில் ஒருவர் அதே பெர்லினில் ஒரு டிரெய்லர் வண்டியில் குடியிருந்திருக்கிறார். போலீஸ் போனபோது வண்டி இருந்தது, ஆள் இல்லை.