கரிசல் வெடித்துக் கிடக்கும் மாதத்தில்

வணக்கம். காலை 6 மணி ஆகிறது. சித்திரை இரண்டாவது வாரம். கேமராவைக் கீழே திருப்புகிறேன், இந்த வெடிப்பைப் பாருங்கள். என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போகிறது. இதுதான் எங்கள் 2 ஏக்கர் கரிசல் காடு. மதுரை மாவட்டம் கல்லுப்பட்டிப் பக்கம் முழுக்க இப்போது இப்படித்தான் கிடக்கும். பச்சை என்று காட்ட வேலியோரத்து வேம்பும் புளியமரமும் மட்டும்தான்.

மார்கழியில் எடுத்திருந்தால் இதே இடத்தில் குதிரைவாலி கதிர் சாய்ந்து நிற்பதைக் காட்டியிருப்பேன். வேண்டுமென்றேதான் இந்த மாதத்தில் எடுக்கிறேன். ஊருக்குத் திரும்பி எளிமையாக வாழப் போகிறோம் என்று வந்தவர்களில் எனக்குத் தெரிந்த நான்கைந்து குடும்பங்கள் மறுபடி நகரத்துக்கே போய்விட்டன. எல்லாரும் போனது மாசிக்கும் ஆடிக்கும் நடுவில். நானும் அப்படிப் போயிருக்க வேண்டியவள்தான்.

நாங்கள் 2021 ஆவணியில் இங்கே வந்தோம். புரட்டாசியில் விதைத்தோம். ஐப்பசி மழை நன்றாக இருந்தது, தையில் அறுத்தோம். சொந்தக் குதிரைவாலியில் பொங்கல் வைத்த அன்று என் மாமியார் பேசாமல் உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. அந்த மகிழ்ச்சி மாசி வரை தாங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. மானாவாரி நிலத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். அது முடிந்துவிட்டால் அடுத்த விதைப்புக்கு ஆறேழு மாதம் இருக்கிறது. காலையில் எழுந்தால் நிலத்தில் எனக்கு வேலை இல்லை. வெயில் மட்டும் இருக்கிறது. மதுரையில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது வேலைதான் அதிகம், இங்கே வெறுமை அதிகம். 2022 வைகாசியில் வீட்டைப் பூட்டிவிட்டு என் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று பேச்சு எடுத்ததும் நான்தான்.

திரும்பி வந்தது சாமான்களை எடுத்துப் போகத்தான். பக்கத்துக் காட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று கேட்டார்கள்: "என்னத்தா, மழைக்கு விறகு எங்க அடுக்கியிருக்க?" நான் விழித்தேன். "புளி தட்டியாச்சா? விதையை வெயில்ல போட்டியா?" எதுவும் செய்யவில்லை என்றேன். "பெறகு எப்படி பொழுது போகுது உனக்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே அவர்களுக்குப் புரியவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த மண்ணில் கோடை சும்மா கிடக்கும் காலம் கிடையாது. விளைச்சல் காலம் வேறு, இது வேறு வகை வேலைக்காலம். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

அதோ அந்த அட்டியைப் பாருங்கள். அவ்வளவும் சீமைக்கருவேல விறகு. பங்குனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறோம். வெட்டிய விறகு இந்த வெயிலில் காய்ந்தால்தான் ஐப்பசி அடைமழையில் புகையாமல் எரியும். மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடியது முதல் வருடம் மட்டும்தான், அப்புறம் அந்தச் சிரமமே இல்லை.

இது புளி. ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நாரை உருவி, உப்புப் போட்டு பானையில் அடைத்துவிட்டால் வருடம் முழுக்கக் கெடாது. எங்கள் ஐந்து பேருக்கு 12 கிலோ போதும். ஒரே நாளில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். தினமும் ஒரு மணி நேரம், பெரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் சேர்ந்து உட்காருவோம். அவர்கள் புளியை நாங்கள் தட்டுவோம், எங்கள் புளியை அவர்கள் தட்டுவார்கள். கூலி கிடையாது. ஊர் விஷயம் எல்லாம் அங்கேதான் காதில் விழும். தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன், நிச்சயம்.

அந்தச் சாக்கில் இருப்பது மிதுக்கங்காய் வற்றல். யாரும் விதைக்காமல் மழைக்குக் காட்டில் தானே முளைக்கும். கசக்கும்தான், ஆனால் எண்ணெயில் பொரித்துக் கம்மங்கூழோடு வைத்துப் பாருங்கள். விதை உளுந்தையும் பாசிப்பயறையும் காய வைத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன், வண்டு அண்டாமல் இருக்க.

உழவு இன்னும் போடவில்லை. ஒரு கோடை மழை விழட்டும் என்று பார்க்கிறோம். "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சும்மா சொல்லவில்லை. சரிவுக்குக் குறுக்கே ஓட்டிவிட்டால் அடுத்து விழும் மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் கொக்கு, மைனா வாயிலும் போகும். கோரை வேரும் காயும். புரட்டாசியில் நன்றாக முளைத்து வருவதற்கான பாதி வேலை இந்த மாதத்தில் நடக்கிறது.

மனம் தளரும்போது என்ன செய்வீர்கள் என்று நேரில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். எனக்குக் கைகொடுப்பது இந்த நோட்டு. இடது பக்கம் இந்த மாதம் கடையில் வாங்கியது, வலது பக்கம் வாங்காமல் விட்டது. இந்தப் பழக்கம் எனக்கு வந்தது காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவால். கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் படித்தவர், பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு குஜராத்தில் மாத்தர் தாலுகாவுக்குப் போய், கிராமத்துக் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். கிராமத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதற்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிய மனிதர். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எண்ணிப் பார்த்தால் மனசு சொல்வதும் கணக்கு சொல்வதும் வேறாக இருக்கிறது. போன வைகாசியில் ஒன்றுமே முன்னேறவில்லை என்று தோன்றியது. நோட்டைப் புரட்டினேன். முதல் வருடம் மளிகைக்கு மாதம் 6,400 ரூபாய் ஆகியிருக்கிறது. இப்போது 3,100. புளி, மல்லி, உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி, முட்டை, விறகு எல்லாம் வலது பக்கம் வந்துவிட்டன. உப்பு, வெல்லம், எண்ணெய், மருந்து, போன் ரீசார்ஜ் இடது பக்கம்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என் வீட்டுக்காரரின் மதுரைச் சம்பளத்தில் போகிறது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாவற்றையும் நாமே விளைவிக்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்த வைராக்கியம்தான் என்னை அதிகம் சோர்வாக்கியது. உப்பை வாங்குவதில் எந்தத் தோல்வியும் இல்லை.

2023 மார்கழியில் மயில்கள் இறங்கி குதிரைவாலியில் பாதியை முடித்துவிட்டன. மயிலைத் தொட முடியாது, சட்டமும் விடாது, மனசும் விடாது. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி மிச்சத்தைக் காப்பாற்றினோம். அந்த வருடம் நான் விட்டுவிட்டுப் போகவில்லை. அறுப்பு முடிந்த மறுநாளே மல்லி பறிக்க வேண்டியிருந்தது, அதற்கடுத்து புளி. அழுது முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்து நின்றது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நிலம் வாங்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய், மாசியிலிருந்து ஆடி வரைக்கும் இங்கே என்ன வேலை என்று கேளுங்கள். மாதம் மாதமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செம்மண் ஊரில் வேறு சொல்வார்கள், ஆற்றுப் பாசன ஊரில் வேறு சொல்வார்கள். என்னுடைய பட்டியல் அங்கே உதவாது.

சரி, வெயில் ஏறுகிறது. பெரியம்மா முறத்தோடு வந்துவிட்டார்கள், இன்று அவர்கள் வீட்டுப் புளி. அந்தத் தெற்கு மூலையில் லேசாகக் கருத்திருக்கிறது பாருங்கள். மழை விழுந்தால் நாளைக்கே மாடு பூட்டச் சொல்லியிருக்கிறேன். உழவு நடக்கும்போது எடுத்துக் காட்டுகிறேன்.