தேவாதி தேவனுக்கு வராத பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பரிசு விழாமல் போனால் அன்றைக்கு ஒரு வருத்தம், அதோடு மறந்துவிடும். பரிசு விழுந்து, ஊரெல்லாம் வாழ்த்திவிட்டு, பொருள் மட்டும் கைக்கு வராமல் இருந்தால்தான் ஆளை அரித்துவிடும். கணினி விளையாட்டு உலகத்தில் அப்படி ஒருவருக்கு நடந்ததை இன்றைக்குச் சொல்கிறேன்.

பீட்டர் மாலினியூ இங்கிலாந்தின் புகழ்பெற்ற விளையாட்டு வடிவமைப்பாளர். 1989இல் வந்த பாப்புலஸ் அவருடையதுதான். ஆடுகிறவரைக் கடவுளாக உட்காரவைத்து மலையையும் நிலத்தையும் மாற்றச் சொல்லும் விளையாட்டு. பின்னாளில் கில்ஃபோர்ட் நகரத்தில் 22கேன்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 2012 நவம்பர் 6ஆம் தேதி அங்கிருந்து கியூரியாசிட்டி என்ற இலவச கைபேசி விளையாட்டு வந்தது. திரையில் பெரிய கனசதுரம் ஒன்று, அதன் மேல் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கட்டிகள். உலகம் முழுவதும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் அதே கனசதுரத்தைத் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். கடைசிக் கட்டியை உடைப்பவருக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். அது வாழ்க்கையையே மாற்றக்கூடியது என்று மாலினியூ பேட்டிகளில் சொன்னார். முதல் சில நாட்கள் கூட்டம் தாங்காமல் சர்வர் திணறியது.

2013 மே 26ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் கடைசிக் கட்டியை உடைத்தார். மாதக்கணக்கில் தட்டியவர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும். அவர் விளையாட்டில் சேர்ந்ததே அன்றைக்குத்தான்.

உள்ளே இருந்தது ஒரு காணொளி. மாலினியூவே தோன்றி, எங்களுடைய அடுத்த விளையாட்டான கோடஸில் நீதான் தேவாதி தேவன், அதன் விதிகளை நீ தீர்மானிக்கலாம், அதில் வரும் வருமானத்திலும் உனக்கு ஒரு சிறு பங்கு உண்டு என்றார்.

சிறு பங்கு என்றால் எவ்வளவு? எப்போதிலிருந்து? காணொளியில் அது இல்லை. என்னைக் கேட்டால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த இளைஞரை கில்ஃபோர்டுக்கு அழைத்து அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார்கள், கோடஸை ஆடவிட்டார்கள். அப்புறம் பேச்சு குறைந்துவிட்டது. பலர் சேர்ந்து ஆடும் பகுதி கோடஸில் முடிந்தால்தான் தேவாதி தேவன் பதவி. பதவி வந்தால்தான் பங்கு. அந்தப் பகுதியோ முடியவில்லை. ஆனால் விற்பனை நிற்கவில்லை. கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் மக்களிடம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டித்தான் கோடஸையே தொடங்கினார்கள். 2013இலேயே அரைகுறை நிலையில் கணினிக்கு விற்றார்கள், 2014இல் கைபேசிக்கும் வந்தது. காசு வந்துகொண்டிருந்தது, தேவாதி தேவனுக்கு மட்டும் ஒரு பென்னி இல்லை. இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்தது கண்ணில் பட்டது.

2015 பிப்ரவரியில் யூரோகேமர் என்ற இணைய இதழ் அவரைத் தேடிப் போய்ப் பேசி எழுதியது. நிறுவனம் அவரைக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. மாலினியூ மன்னிப்புக் கேட்டார். அவரோடு தொடர்பில் இருக்க வேண்டிய ஊழியர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பொறுப்பை வேறு யாரும் எடுக்கவில்லையாம். மாலினியூவை நான் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருந்தவருக்கு அதில் என்ன ஆறுதல்? மோசடி என்றால் வழக்குப் போடலாம், திட்டலாம். உன்னை மறந்துவிட்டோம் என்று சொன்னால் என்ன செய்வது?

இதைவிடப் பழைய கதை அட்டாரி என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனத்துடையது. 1982இல் ஸ்வார்ட்குவெஸ்ட் என்று நான்கு விளையாட்டுகளை அறிவித்தார்கள். ஒவ்வொன்றிலும் வெல்பவருக்குத் தங்கமும் ரத்தினமும் வைத்த 25,000 டாலர் பரிசு, நால்வரும் மோதும் இறுதிப் போட்டிக்கு 50,000 டாலர் வாள். முதல் இரண்டு பரிசுகளை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அதற்குள் அமெரிக்காவில் விளையாட்டுச் சந்தை சரிந்து, 1984இல் நிறுவனமே கைமாறிவிட்டது. நான்காவது விளையாட்டு அப்போது வரவே இல்லை. இறுதிப் போட்டியும் நடக்கவில்லை. வென்ற இருவருக்கும் இழப்பீடாகப் பணம் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். சரி, கணக்காவது முடிந்தது.

சட்டம் படித்தவர்களுக்குக் கார்லில் வழக்கு நினைவுக்கு வரும். நம் கல்லூரிகளிலும் ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். மூக்கால் இழுக்கும் எங்கள் புகை உருண்டை மருந்தைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று 1891இல் லண்டனில் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. கார்லில் அம்மையார் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். விளம்பரத்தில் சொன்னதையெல்லாம் நிஜமென்று எடுத்துக்கொள்ளலாமா என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மையார் பக்கம் நின்றது. தொகை தெளிவாக இருந்தது, நிபந்தனை தெளிவாக இருந்தது, வங்கியில் போட்ட பணம் நிறுவனம் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி.

எடின்பரோ இளைஞரிடம் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. அவருக்குக் கிடைக்க வேண்டியது முழுக்க அந்த நிறுவனம் தன் வேலையை முடிப்பதைப் பொறுத்திருந்தது. முடிக்காமல் விட்டதில் நிறுவனம் அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. இந்த ஏற்பாட்டைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 டிசம்பரில் கோடஸை ஸ்டீம் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தேவாதி தேவன் என்ற பதவி அதுவரை அந்த விளையாட்டில் வரவே இல்லை.

நன்றி, வணக்கம்.