ஹால்விங்கும் கரன்ட் பில்லும்

வணக்கம் நேயர்களே. பிட்காயின் என்ற டிஜிட்டல் காசைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் விலையைக் கேட்கிறார்கள். நான் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு அதற்கு ஆகும் கரன்ட் பில்லின் மேல்தான் கண்.

உலகம் முழுக்க லட்சக்கணக்கான மிஷின்கள் ராப்பகலாக ஒரு எண்ணை ஊகித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் பிடிப்பவர் அடுத்த பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைக் கணக்கேட்டின் அடுத்த பக்கத்தை, எழுதலாம். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதற்குப் பரிசாகப் புதுக் காயின். இந்த வேலைக்குப் பெயர்தான் மைனிங். 2009-ல் 50 காயின் கிடைத்தது. 2,10,000 பிளாக் முடிந்தால், அதாவது ஏறக்குறைய நாலு வருஷத்தில், பரிசு பாதியாகும். இதுதான் ஹால்விங். 2012, 2016, 2020 என்று குறைந்து குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125-க்கு வந்துவிட்டது.

மைனிங் செய்கிறவர் நிலைமையை யோசியுங்கள். நேற்று ஓடிய அதே மிஷின் இன்றும் அதே யூனிட்டைத்தான் இழுக்கிறது. பரிசு மட்டும் பாதி. பழைய மிஷின்களை அணைப்பார், இல்லையென்றால் மலிவான மின்சாரத்தைத் தேடிப் போவார்.

எப்படித் தேடினார்கள் தெரியுமா? சீனாவின் தென்மேற்கில் சிச்சுவான் என்று ஒரு மலை மாகாணம். மே, ஜூனில் மழை பிடித்தால் ஆறெல்லாம் பெருகும். நீர்மின் நிலையங்கள் தயாரிப்பதை வாங்க ஆள் போதாது. மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அப்போதைக்கப்போது விற்க வேண்டும், இல்லாவிட்டால் மதகைத் திறந்து தண்ணீரைச் சும்மா விட வேண்டும். எனவே அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். வடக்கே சின்ஜியாங்கிலும் உள் மங்கோலியாவிலும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடிய மிஷின்களைக் கழற்றி, லாரியில் ஏற்றி, சிச்சுவானில் மாட்டினார்கள். மழை ஓய்ந்ததும் திரும்பக் கழற்று, திரும்ப லாரி. வருஷா வருஷம் இந்தக் கூத்து! 2020 ஹால்விங் மே 11-ல் வந்தது. மழைக்காலத்தின் தொடக்கம், பாருங்கள்.

2021-ல் சீன அரசு மைனிங்கையே நிறுத்தச் சொன்னது. உலகத்தின் மைனிங் திறனில் சுமார் பாதி மறைந்தது. பிட்காயின் நிற்கவில்லை. 2,016 பிளாக்குக்கு ஒரு முறை, அந்த எண்ணை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பது தானே திருத்தப்படும். அந்த ஜூலையில் ஒரே திருத்தத்தில் 28 சதவீதம் குறைந்தது. ஹால்விங்கிலும் இதே வழிதான்: தாங்காதவர் அணைத்தால் மிச்சமிருப்பவருக்கு வேலை சுலபமாகும்.

மிஷின்களில் பல அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே 2023 ஆகஸ்ட் வெயிலில் ரயட் என்ற மைனிங் நிறுவனம் மின் தட்டுப்பாட்டு நேரங்களில் மிஷினை அணைத்து, அதற்கு ஈடான மின் சலுகைகளாக 3.17 கோடி டாலர் வரவு வைத்தது. அந்த மாதம் எடுத்த 333 காயினின் மதிப்பைவிட அது அதிகம். ஓட்டுவதைவிட அணைப்பதில் காசு!

சரி, விலைக்கும் வருகிறேன். 2013, 2017, 2021 மூன்றின் கடைசியிலும் உச்சம், அடுத்தடுத்த வருஷம் பெரிய சரிவு. ஹால்விங்தான் காரணம், நாலு வருஷச் சக்கரம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 2024-ல் தினசரி வரும் புதுக் காயின் 900-லிருந்து 450 ஆனது. ஏற்கெனவே வெளியே இருப்பதோ 1.9 கோடிக்கு மேல். 2020-ல் அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது, 2022-ல் ஏறியது. அதைக் கணக்கில் சேர்க்காமல் எப்படிப் பேசுவது? தவிர 2024-ல் அமெரிக்காவில் இ.டி.எஃப்.-களுக்கு, அதாவது பங்குச் சந்தை வழியாகப் பிட்காயினில் முதலீடு செய்ய வைக்கும் ஃபண்டுகளுக்கு, அனுமதி கிடைத்த வேகத்தில், ஹால்விங்குக்கு முன்பே, மார்ச்சிலேயே புது உச்சம் வந்துவிட்டது. மூன்று தடவை நடந்ததை விதி என்றால் எப்படி?

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2140 வாக்கில் புதுக் காயின் வருவது நின்றுவிடும், பிறகு பரிவர்த்தனைக் கட்டணம்தான் வருமானம். அது போதுமா என்பதைப் பற்றி நிறையக் குறிப்பு எடுத்து வந்தேன், இன்னொரு நாள் பேசலாம். நம் நாட்டு வரி: லாபத்தில் 30 சதவீதம். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.