60 * 1000 எப்படி மைனஸ் 5536 ஆச்சு?

மைக் ஆன்ல இருக்கா... இருக்கு. வணக்கம் மக்களே. டேபிள்ல ரெண்டு போர்டு பாருங்க. இது இஎஸ்பி32, அது ஆர்டுயினோ யூனோ, ரெண்டுமே புரோகிராம் ஏத்தி ஓட்டுற குட்டி கன்ட்ரோலர் போர்டு. மொட்டை மாடி டேங்க் மோட்டாருக்கு நான் எழுதின கோடு. தண்ணி வரலன்னா 60 செகண்ட்ல மோட்டார் நிக்கணும். இஎஸ்பில மாசக்கணக்கா ஒழுங்கா ஓடுச்சு. சும்மா கிடந்த யூனோவுக்கு மாத்தினேன். பின் நம்பர் தவிர எதையும் தொடல. மோட்டார் நிக்கவே இல்ல! அம்மா கத்தினப்புறம்தான் ஓடிப்போய் ஆஃப் பண்ணேன்.

வில்லன் இந்த ஒரு வரி: #டிஃபைன் டைம்அவுட் (60 * 1000). 60 செகண்டை மில்லிசெகண்ட்ல சொல்றேன். பிராக்கெட்லாம் கரெக்டா போட்டிருக்கேன், அதைக் கமெண்ட்ல திட்டாதீங்க.

#டிஃபைன்ல எழுதுற மேக்ரோன்னா எழுத்தை வெட்டி ஒட்டுற வேலை, அவ்வளவுதான். பெருக்கல் போடுறது கம்பைலர், அதாவது நம்ம கோடை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்துற புரோகிராம். அதுக்கு 60 ஒரு இன்ட், அதாவது சாதாரண முழு எண் டைப், 1000ம் ஒரு இன்ட். யூனோல இன்ட் 16 பிட், 32767 தாண்டாது. ஸ்டாண்டர்டுப்படி அங்கேயே கோடு செல்லாது, நடைமுறைல கிடைச்சது மைனஸ் 5536. அதை மில்லிஸ் கூட, அதாவது போர்டு ஆன் ஆனதுல இருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு சொல்ற ஃபங்ஷன் கூட, கம்பேர் பண்றோம்ல? மில்லிஸ் அன்சைன்டு லாங், மைனஸே இல்லாத 32 பிட் எண். மைனஸ் நம்பர் அதுல போய் 4294961760 ஆயிடும். அதாவது மோட்டார் நிக்க ஏறக்குறைய 49.7 நாள் ஆகும்!

வேடிக்கை என்னன்னா, 60000னு நேரா எழுதியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. இன்ட்ல அடங்காத எண்ணைக் கம்பைலரே லாங்கா எடுத்துக்கும். பெருக்கிக் காட்டுறது அழகா இருக்குன்னு நினைச்சேன் பாருங்க, அதுதான் வினை.

இதைவிடக் கடுப்பு, நான் காவலுக்கு ஒரு ஆளும் வச்சிருந்தேன். #இஃப் டைம்அவுட் < 50000 வந்தா #எரர். அது வாயே திறக்கல. ஏன்னா #இஃப் வரியைப் பாக்குறது கம்பைலருக்கு முன்னாடி ஓடுற ப்ரீப்ராசஸர், அதோட கணக்கு தனிக்கணக்கு. உங்க சிப்போட இன்ட் எத்தனை பிட்னு அது பாக்காது. சி மொழியோட சி99 ஸ்டாண்டர்டுல இருந்து இன்ட்மேக்ஸ்_டி அளவுல, அதாவது இருக்கிறதுலயே பெரிய முழு எண் டைப்ல போடும், யூனோவுக்கான கம்பைலர் ஏவிஆர் ஜிசிசில அது 64 பிட். பழைய சி89 கம்பைலர்னா லாங். அதனால ஒரே மேக்ரோ #இஃப் வரில 60000, அடுத்த வரில மைனஸ் 5536. 'சைஸ்ஆஃப் இன்ட்'னு #இஃப்ல கேட்டுப் பாக்கலாமேன்னா, அதுக்கு டைப்னா என்னன்னே தெரியாது. லிமிட்ஸ் ஹெடர்ல இருக்கிற இன்ட்_மேக்ஸை, அதாவது இன்ட்டோட உச்ச அளவைத்தான் கேக்கணும். காவலுக்கு ஸ்டாட்டிக்_அசெர்ட் வைங்க, கம்பைல் பண்றப்பவே சரிபாக்குற வரி, அது கம்பைலர் கணக்கையே பாக்கும். வார்னிங்கை ஆன்ல வைங்க. நான் ஆஃப்ல வச்சிருந்தேன், என் தப்புதான்.

கம்பைலர் மாத்துறவங்களுக்கு இன்னொரு குழி. கீல்ங்கிற ஆர்ம் சிப் சாஃப்ட்வேர்ல ஆர்ம் கம்பைலர் 5ல இருந்து 6க்குப் போனா, 6 கிளாங்ங்கிற இன்னொரு கம்பைலர் அடிப்படைல வந்தது. கிளாங், ஜிசிசி கம்பைலரோட அடையாளமான ஜிஎன்யூசி மேக்ரோவையும் டிஃபைன் பண்ணிட்டு, தன்னை ஜிசிசி 4.2.1னு சொல்லிக்கும். நீங்க முதல்ல ஜிஎன்யூசியைச் செக் பண்ணா, ஜிசிசிக்கு எழுதின கோடு உள்ள வந்துடும். ஆர்ம் தர்ற சிஎம்சிஸ் லைப்ரரி ஹெடரைத் திறந்து பாருங்க, ஆர்ம் கம்பைலரை முதல்ல செக் பண்ணிட்டு அப்புறம்தான் ஜிஎன்யூசிக்கு வருவாங்க. அந்த வரிசை சும்மா வந்ததில்ல.

மெசேஜ் பிரின்ட் பண்ற லாக் மேக்ரோல வர்ற அந்த ரெண்டு ஹேஷ் (##) தந்திரம், காலி ஆர்குமென்ட் வந்தா கமாவை முழுங்குறது, அது ஜிஎன்யூ எக்ஸ்டென்ஷன், ஸ்டாண்டர்டுல இல்லாதது. சி23 ஸ்டாண்டர்டுல அதே வேலைக்கு விஏ_ஆப்ட் வந்தாச்சு, ஆனா நம்ம கைல இருக்கிற பழைய கம்பைலர் செட் எத்தனைல அது இருக்கும்? தனி வீடியோ போடுறேன்.

சரி, இதோ 60யுஎல் * 1000யுஎல். யுஎல்னா அன்சைன்டு லாங். அப்லோட் ஆயிடுச்சு. சென்சரைக் கழட்டிட்டேன், தண்ணி இல்லாத மாதிரி. இருங்க... 57... 58... 59...

டக். கேட்டுச்சா? ரிலே விழுந்துடுச்சு. அம்மா! மோட்டார் நின்னுடுச்சு!