தலைப்பிரசவமும் தந்தையின் இடமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துச் செல்வார்கள். குழந்தை பிறந்த செய்தி போனில் வரும். கணவர் பழமும் துணிமணியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுவார். பெற்ற தாயின் அரவணைப்பில் மகள் உடல் தேற வேண்டும் என்ற அக்கறையில் உண்டான இந்த வழக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், அந்த வீட்டில் தந்தைக்கும் வேலை இருக்கிறது, அதுவும் முதல் சில நாள்களில்தான் மிகுதியாக இருக்கிறது என்பதை, பாலக்கோட்டுக்கு அருகே என் மனைவியின் ஊரில் தங்கி எங்கள் முதல் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு என் மாமியாரை அனுமதித்தார்கள். நான் வெளியே வயர்கூடையோடும் பிளாஸ்கோடும் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்த செவிலியர், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியைக் கேட்டு வாங்கினார். சற்று நேரத்தில் அதே துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, "பொம்பளப் புள்ள, ரெண்டு கிலோ எழுநூறு" என்றார். அருகில் இருந்த பெரியவர் ஒருவர், "கவலப்படாதீங்க, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆயினும், வளர்க்க விரும்பாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, பெண் சிசுக்களைக் காப்பதற்காக 2001-ல் விரிவுபடுத்தியபோது சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் நம் தருமபுரியும் ஒன்று என்பதை நான் மறக்கவில்லை. எனவே மகள் பிறந்திருக்கிறாள் என்று அந்த வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அந்தப் பெரியவருக்கே முதல் இனிப்பைக் கொடுத்தேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும் என்பதில் அங்கிருந்த செவிலியர்கள் உறுதியாக இருந்தார்கள். முதலில் சுரக்கும் சீம்பால் அளவில் மிகக் குறைவு. சில மில்லி லிட்டர்தான் இருக்கும். பச்சிளம் குழந்தையின் வயிறும் அந்த அளவுக்கே சிறியது, அந்தப் பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. இது தெரியாத இடத்தில்தான் "பால் ஊறல, சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கலாம்" என்ற பேச்சு எழுகிறது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பதும், தேன் தொட்டு வைப்பதும், தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவதும் நம் பக்கத்துக்குப் புதியவை அல்ல. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தானது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சாத கழுதைப்பாலும் அப்படியே கிருமிகளைக் கொண்டுவரக்கூடியது.

கழுதைப்பால்காரர் எங்கள் தெருவுக்கும் வந்தார். மாமியார் சங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது, "அத்தை, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, நானே கேட்டுட்டு வந்தேன்" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி மாப்பிள்ளை" என்று உள்ளே போய்விட்டார். இதே சொல்லை என் மனைவி சொல்லியிருந்தால் அன்று முழுவதும் வாக்குவாதம் நடந்திருக்கும். பிரசவித்த உடம்போடு அவள் தன் தாயிடம் வாதாட வேண்டியிராதபடி, மருமகன் என்ற முறையில் நமக்குக் கிடைக்கும் மரியாதையை இதற்குப் பயன்படுத்தலாம். அந்த மரியாதைக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சோதனை எடை. வீட்டுக்கு வந்தபின் கிராம சுகாதாரச் செவிலியர் எடை பார்த்தபோது முள் இரண்டரைக் கிலோவில் நின்றது. வீடே கலங்கி, பால்மாவு டப்பா வாங்கி வரச் சொன்னது. அவர் விளக்கியதை இங்கே அப்படியே தருகிறேன். பிறந்த முதல் சில நாள்களில் குழந்தை தன் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை இழப்பது இயல்பு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிடும். பால் போதுகிறதா என்பதைத் துணிகளே காட்டிவிடும். முதலில் தார்போல் கரியதாக வரும் மலம், பிறகு பச்சை கலந்து, நான்கைந்து நாளில் கடுகு மஞ்சளாக மாற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். அன்றிலிருந்து துணி துவைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கொடியில் காயும் துணிகளை எண்ணியபோது, பால்மாவு பற்றிய பேச்சு தானாகவே ஓய்ந்தது.

குழந்தை அழும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் அந்தச் செவிலியரே காட்டிக் கொடுத்தார். தூக்கத்திலேயே உதடு சப்புவதும், தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாய் திறப்பதும், கைமுட்டியை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில்தான் வருகிறது. இரவில் இந்த அசைவுகளைக் கவனித்து, குழந்தையைத் தூக்கிக் கொடுத்து, குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைப்பது ஒரு தந்தை முழுமையாகச் செய்யக்கூடிய வேலை.

மஞ்சள் காமாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கருவில் தேவைப்பட்ட மிகுதியான சிவப்பணுக்கள் பிறந்தபின் சிதைகின்றன. அதில் உண்டாகும் மஞ்சள் நிறப்பொருளை வெளியேற்றும் திறன் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அதனால் இரண்டு மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு முகம் மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் அந்த நிறம் தெரியும். காலை வெயிலில் கிடத்தினால் போதும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அது சிகிச்சை ஆகாது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தென்பட்டாலோ, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே நீல ஒளியின் கீழ் கிடத்துவார்கள். கல்லீரலின் உதவி இல்லாமலே வெளியேறக்கூடிய வடிவத்துக்கு அந்த ஒளி நிறப்பொருளை மாற்றிவிடும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ சில்லிட்டாலோ 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

தாயின் சாப்பாடும் நம் கவனத்துக்கு உரியது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பாலூட்டும் பெண்ணுக்குத் தாகம் மிகுதி. அவள் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகு நம் மானாவாரிக் காட்டில் விளைய, அதைக் குளிர்ச்சி என்று அவளுக்கு மறுப்பது வருத்தத்துக்குரியது. முதல் வாரத்தில் காரணமின்றி அவள் கண்கலங்கினால் கடிந்துகொள்ளாமல் உடன் இருங்கள். அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஏழைத் தாய்மார்களின் கூலி இழப்பை ஈடுகட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தந்தைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை என்பதை அறிவேன். வாரக் கடைசியில் மட்டுமே ஊருக்கு வர முடிகிற தந்தையும், கை கழுவிவிட்டு, சட்டையைக் கழற்றி, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகக் கிடத்திக்கொள்ளலாம்; தாயின் உடல் தரும் கதகதப்பைத் தந்தையின் உடலும் தரும். அந்த இரண்டு மணி நேரம் தாய் தடையின்றித் தூங்கட்டும்.

நன்றி, வணக்கம்.