கொலஸ்ட்ராலை வாசல் தாண்ட வைக்கும் புரதம்

(திரையில்: தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும் எண்ணெய்த் துளி)

கொலஸ்ட்ரால் என்றதும் நமக்கு மாரடைப்புதான் ஞாபகம் வரும். ஆனால் கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாமே கொலஸ்ட்ராலை வெட்டிச் செய்தவைதான். முதல் வெட்டு விழும் இடம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. வெட்டும் நொதி அங்கே தயாராக நிற்கிறது. கொலஸ்ட்ராலும் செல்லுக்குள் துளித்துளியாகச் சேர்ந்து கிடக்கிறது. அப்புறம் என்ன தடை?

(மைட்டோகாண்ட்ரியா பெரிதாகிறது: இரண்டு சவ்வுகள், நடுவே குறுகிய இடைவெளி)

இந்த இடைவெளிதான். அகலம் நானோமீட்டர் கணக்கு. ஆனால் அங்கே இருப்பது தண்ணீர். கொலஸ்ட்ராலுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது.

புதுப் புரதம் உருவாவதை மருந்து கொடுத்து நிறுத்தினால் ஹார்மோன் சுரப்பும் படுத்துவிடும் என்பது 1960களிலேயே தெரியும். அந்தப் புரதம் எது? 1994இல் கிளார்க், ஸ்டோக்கோ குழுவினர் எலியின் விரைச் செல்களில் அதைப் பிடித்தார்கள். பெயர் ஸ்டார். வானத்து நட்சத்திரம் இல்லை, 'ஸ்டீராய்டோஜெனிக் அக்யூட் ரெகுலேட்டரி புரோட்டீன்' என்ற நீளமான பெயரின் சுருக்கம்!

(பந்து போன்ற புரதம், உள்ளே குழி, குழியில் ஒரே ஒரு கொலஸ்ட்ரால்)

மூளையின் அடியிலிருந்து உத்தரவு வந்ததும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் செல் இதை மளமளவென்று செய்கிறது. புரதத்தின் முனையில் 'மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போ' என்று விலாசம் ஒட்டியிருக்கும். சரி, உள்ளே போய்த்தானே வேலை செய்யும்?

இல்லை. 2002இல் ஒரு சோதனை நடந்தது. ஸ்டாரை வெளிச்சவ்விலேயே கட்டிப் போட்டார்கள். கொலஸ்ட்ரால் தாராளமாக உள்ளே போனது. நடு இடைவெளியில் வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆகமொத்தம், வாசலில் நிற்கும் சில நிமிடங்கள்தான் அதன் உழைப்பு. அதற்குள் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைத் தள்ளிவிடுகிறது. உள்ளே நுழைந்து விலாசம் வெட்டுப்பட்டதும் வேலை முடிந்தது.

(கத்தரி: 27 கார்பன், 21 ஆகிறது)

உள்ளே வந்த கொலஸ்ட்ராலின் வாலை நொதி நறுக்குகிறது. 6 கார்பன் போக மிஞ்சுவது பிரெக்னெனலோன். மற்ற ஸ்டீராய்டுகள் எல்லாம் இதிலிருந்துதான்.

டி.எஸ்.பி.ஓ. என்ற இன்னொரு புரதமும் கொலஸ்ட்ராலை உள்ளே கொண்டுபோக அவசியம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2014இல் அந்த மரபணுவையே நீக்கிய எலிகள் ஹார்மோனும் சுரந்தன, குட்டியும் போட்டன. பாடப்புத்தகப் படங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. வாதம் இன்னும் ஓயவில்லை.

ஸ்டார் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. அதன் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளின் அட்ரினல் சுரப்பி, கொலஸ்ட்ரால் தேங்கி வீங்கியிருக்கும். சரக்கு குவிந்து கிடக்கிறது, கார்டிசால் மட்டும் வராது. எக்ஸ்-ஒய் குரோமோசோம் உள்ள குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோனும் சுரக்காததால் வெளித்தோற்றம் பெண்ணாகவே இருக்கும். ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால்தான் பிழைக்கும்.

(நஞ்சுக்கொடியின் படம்)

அப்படியானால் அந்தக் குழந்தை பிறக்கும் வரை கருப்பையில் எப்படித் தாக்குப்பிடித்தது? கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் செய்வது நஞ்சுக்கொடி. அது ஸ்டாரைப் பயன்படுத்துவதே இல்லை.