புகைக்கு ஒரு வழி

வணக்கம் நேயர்களே. நாற்பது வருடம் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிய கொத்தனார் நான். மின்விசிறி நின்றால் வேர்த்துக் கொட்டும் பினாங்கில் இருந்துகொண்டு, குளிர்காயும் அடுப்பைப் பற்றி இவன் என்ன பேசப் போகிறான் என்று கேட்பீர்கள். என் மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் இருக்கிறாள். நூறு வயது தாண்டிய வரிசை வீடு. போன வருடம் போயிருந்தபோது மருமகன் கூடத்துச் சுவரைக் காட்டி, “மாமா, இதுக்குள்ள பழைய கணப்படுப்பு மூடிக் கிடக்கு. திறந்து விறகு ஸ்டவ் வைக்கணும்” என்றார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனவன் உளியைக் கையில் எடுத்தேன்.

தட்டினால் பொள்ளல் சத்தம். மேல்பலகையைக் கழற்றினால், பிற்காலத்தில் யாரோ வைத்த ஓடு பதித்த சின்ன அடுப்பு. அதன் பின்னால் சுட்ட களிமண் தடுப்பு. அதற்கும் பின்னால் செங்கல் துண்டும் கரியும் வாளி வாளியாக. எல்லாம் அள்ளிய பிறகுதான் முதலில் கட்டிய அகலமான வாய் தெரிந்தது.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். உயரம் போதவில்லை என்று மேல்வரிசையில் உளி வைத்தேன். ஒரு செங்கல் அசைந்ததும் கை தானாக நின்றுவிட்டது. கூரைக்கு மேல் வரை போகும் புகைபோக்கியின் பாரம் அடுப்பு வாய்க்கு மேலுள்ள வளைவின் தலையில் அல்லவா இருக்கிறது! முட்டுக் கொடுத்து, பாரம் தாங்கும் குறுக்கு உத்திரமான லிண்டல் ஏற்றி, அப்புறம்தான் மீதி வேலை. மருமகன் சிமெண்ட் மூட்டை வாங்கி வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பழைய செங்கலுக்கிடையே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேறாது. நம் ஊர்க் கடைவீட்டுக்கும் இதே கதைதான்.

ஆனால் ஸ்டவ் என்பது வெறும் இரும்புப் பெட்டி. அசல் வேலை புகைபோக்கியில். திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். நல்ல ஸ்டவ் முக்கால் பங்கை அறைக்கே கொடுக்கும். அப்படியென்றால் மேலே போகும் புகையில் சூடு குறைவு. அது அகலமான பழைய குழாயில் மெதுவாக ஏறிக் குளிர்ந்தால் உள்ளே கீல் மாதிரி படியும். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால் உச்சியிலிருந்து அடிவரை லைனர் என்கிற 150 மில்லிமீட்டர் எவர்சில்வர் உள்குழாயை இறக்கி, அடியில் வாயைத் தகட்டால் அடைக்கிறார்கள். அதற்கு முன் புகைபோக்கியைத் துடைத்தபோது பறவைக் கூட்டுச் சுள்ளியே ஒரு சாக்கு விழுந்தது.

லைனரையும் ஸ்டவ்வையும் நான் தொடவில்லை. அங்கே விறகு ஸ்டவ் பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிந்த ஆள் பொருத்த வேண்டும், இல்லையென்றால் நகராட்சிக்குச் சொல்லிச் சோதனைக்கு விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது; தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். வந்தவர் புகை விட்டுச் சோதித்து, சான்றிதழ் எழுதிக் கொடுத்த பிறகுதான் என் மகளுக்கு மூச்சு வந்தது.

இங்கே பினாங்கில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்ட வீட்டில் அம்மா ரப்பர் விறகில் சமைப்பார். புகைக்குத் தனி வழி கிடையாது. தகரக் கூரை இடுக்கில் போனது போக மீதி எல்லாம் அவர் கண்ணில்தான். ஆனாலும் விறகை அவரைப் போல அறிந்தவர் இல்லை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டி, ‘டங்’ என்று காய்ந்த சத்தம் கேட்டால்தான் அடுப்பில் வைப்பார். இங்கிலாந்தில் 2021 முதல், சில்லறையாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். மருமகன் அதற்கு ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். நான் கட்டையைத் தட்டிக் கேட்டுச் சொல்ல, அவர் ஊசியைக் குத்திப் பார்ப்பார். பத்துக் கட்டையில் ஒன்றில்தான் நான் தோற்றேன்.